‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்கிறார்கள். தூக்கம் மட்டும் இல்லை

கேள்வி: நாங்கள் 2022-ல் சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். பகலில் போகும் விமானங்கள் பழகிவிட்டன. ராத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை போகிறவைதான் தாங்க முடியவில்லை. ஜூன் பிறந்ததிலிருந்து இன்னும் மோசம். மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போனில் ஒரு செயலியைப் போட்டுப் பால்கனியில் அளந்தேன், 84 டெசிபல்வரை காட்டியது. விமான நிலையத்துக்குப் புகார் அனுப்பினேன். ‘இரவு நேரச் சராசரி, அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் கருவி பொய் சொல்கிறதா, என் போன் பொய் சொல்கிறதா? புகார் எழுதிப் பயன் உண்டா? ‘ஏர்போர்ட் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டுப் புலம்பாதே’ என்கிறார் என் அண்ணன். பேசாமல் வீட்டை விற்றுவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பொழிச்சலூர்)

அன்புள்ள சகோதரிக்கு,

கருவியும் பொய் சொல்லவில்லை, உங்கள் போனும் பெரிய பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று, அவர்கள் பதில் சொன்ன கேள்வி வேறொன்று. நேற்று ராத்திரி 2.40-க்கு மாமியாரை எழுப்பிய சத்தம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கிறீர்கள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்துச் சராசரி எவ்வளவு என்பதை அவர்கள் சொல்கிறார்கள். இரைச்சல் அளக்கும் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், விமான நிலையத்தைச் சுற்றி நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் முட்டி நிற்கின்றன.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இந்த 45-ஐப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஏனென்றால் 2018 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், விமான நிலைய இரைச்சல் மண்டலத்துக்கென்று தனி வரம்பு கொண்டுவந்தது. ஆண்டுக்கு 50,000 தடவைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. மற்ற நிலையங்களுக்கு 65, 60. சென்னை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் பார்க்கிற நிலையம். ஆகவே அந்த மண்டலத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பொருந்துவது 65. அதே 2018-ல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், விமானச் சத்தத்தின் இரவுச் சராசரி 40-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டுக்கும் நடுவே 25 டெசிபல். டெசிபல் சாதாரண எண்போலக் கூடுவதில்லை, 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. அந்தக் கணக்கில் 25 என்பது முந்நூறு மடங்குக்கும் மேல். தூங்குகிற மனிதர்களுக்கு 65 என்பது மிகவும் தளர்வான வரம்பு என்பதே என் கருத்து. ஆனால் இன்றைக்கு நம் கையில் இருக்கும் சட்டம் அதுதான்.

இப்போது அந்தச் சராசரியை உடைத்துப் பார்ப்போம். ஒரு விமானம் உங்கள் தலைக்கு மேல் போகும்போது சத்தம் மெல்ல ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்குகிறது. உச்சம் 80-ஐ ஒட்டி இருந்தால், அந்த முழுச் சத்தத்தையும் ஒரே நொடிக்குள் திணித்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 90 டெசிபல் வரும். எட்டு மணி நேரம் என்பது 28,800 நொடி. அந்த 90-ஐ இத்தனை நொடிக்கும் பரப்பினால் 45 ஆகிவிடுகிறது. ஒரு ராத்திரியில் இப்படிப் பத்து விமானங்கள் போனால் சராசரி 55. வரம்பான 65-ஐ எட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 90 விமானங்கள் போக வேண்டும்! பத்துத் தடவை விழித்த உங்கள் மாமியாரின் ராத்திரி, தாளில் வரம்பைவிட 10 டெசிபல் குறைவாகப் பதிவாகிறது. ஆண்டுச் சராசரி மழை அளவை வைத்து 2015 டிசம்பரை விளக்கச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இது.

சராசரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்காண்டு ஒப்பிடவும், எங்கே கட்டடம் கட்டலாம் என்று வரைபடம் போடவும் அது தேவை. ஆஸ்திரேலியாவில் இதே பிரச்சினை வந்தபோது, சராசரியோடு கூடவே இன்னொரு எண்ணையும் மக்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்: உச்சம் 70 டெசிபலைத் தாண்டிய விமானங்கள் ஒரு நாளில் எத்தனை? இந்த எண் யாருக்கும் உடனே புரிகிறது. நீங்களும் கேட்க வேண்டியது இதைத்தான். சராசரி எவ்வளவு என்று கேட்டால் மறுபடியும் அதே ஒரு வரிப் பதில்தான் வரும்.

உங்கள் போன் விஷயம். போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. அளவீட்டுக் கருவியைப் போலச் சரிபார்த்து வைத்ததல்ல. பால்கனியில் நின்று அளக்கும்போது பின்சுவரும் மேல்தளமும் சத்தத்தைத் திருப்பி அடிக்கின்றன. வெறும் சுவர் ஒன்றே 3 டெசிபல்வரை கூட்டிவிடும். முறையான கண்காணிப்பு நிலையத்தில் மைக்கைக் காற்றுத் தடுப்பு உறையோடு தரையிலிருந்து ஆறு மீட்டருக்குக் குறையாத கம்பத்தில், சுவர்களை விட்டு விலக்கி நட்டிருப்பார்கள். அதனால் உங்கள் 84-ஐ எங்கேயும் ஆதாரமாக எழுதாதீர்கள், அதை உடைப்பது சுலபம். ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்து, எந்த விமானம் எதைவிடச் சத்தம் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு அது நன்றாகவே உதவும்.

ஜூனில் ஏன் மோசமாகிறது என்பதற்குக் காரணம் காற்று. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை கிழக்கு-வடகிழக்காகவும் மேற்கு-தென்மேற்காகவும் நீண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் விமானங்கள் பெரும்பாலும் அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர் பக்கமாக வந்து இறங்கி, ஆலந்தூர் பக்கமாக ஏறிப் போகும். தென்மேற்குப் பருவக்காற்றில் இது தலைகீழ்: ஆலந்தூர் பக்கமாக இறங்கும், உங்கள் பக்கமாக ஏறும். அந்த மாதங்களிலும் பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்ததும் திசையை மாற்றுவார்கள். அதனால் பகலில் ஒரு மாதிரியும் ராத்திரியில் வேறு மாதிரியும் உங்களுக்குக் கேட்கும்.

இறங்கும் விமானம் உங்களுக்கு மிகவும் தாழ்வாகத்தான் வருகிறது. வழக்கமான இறங்கு கோணம் 3 டிகிரி. ஓடுபாதை முனையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு மேலே உயரம் ஏறத்தாழ 120 மீட்டர்தான். ஆனால் அதில் எஞ்சின் அடங்கியிருக்கும். சக்கரமும் இறக்கை மடிப்புகளும் காற்றைக் கிழிக்கும் சீறல்தான் அதிகம். ஏறும் விமானத்தின் உறுமல் வேறு. அதன் தாழ்ந்த அதிர்வு ஜன்னலைத் தாண்டி உள்ளே வரும். பீரோக் கதவு கிடுகிடுப்பது அதனால்தான். நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும் நெடுந்தூர விமானங்கள் எரிபொருளை நிரப்பிக்கொண்டு கனமாக ஏறுகின்றன. உங்கள் ஜூன் ராத்திரிகள் மோசமாவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ராத்திரியில் ஏன் இவ்வளவு விமானங்கள் என்றால், வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் காலை இணைப்பு விமானங்களைப் பிடிக்கிற மாதிரி நேரம் போடுகிறார்கள். சென்னையோ 24 மணி நேரமும் திறந்திருக்கும் நிலையம்.

சரி, புகாருக்கு வருவோம். ‘தினமும் ராத்திரி விமானச் சத்தத்தால் தூக்கமே இல்லை, நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால், அதைப் படிக்கும் அலுவலர் உண்மையாகவே உதவ நினைத்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த விமானம் என்று அவருக்குத் தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஜூலை 9, புதன் அதிகாலை 2.41. பொழிச்சலூர், இன்ன தெரு. கிழக்கிலிருந்து மேற்காக ஏறிய பெரிய விமானம். வீட்டில் இருவர் விழித்தோம். மறுபடி தூங்க அரை மணி ஆயிற்று.’ இப்போது அவர் ரேடார் பதிவை எடுத்து, 2.41-க்கு உங்கள் வீட்டுக்கு மேல் போனது எது, எந்த உயரத்தில், வழக்கமான பாதையில்தானா என்று பார்க்க முடியும். கண்காணிப்பு மைக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டிச் சில நொடிகள் நீடிக்கும் சத்தத்தைப் பிடித்து, அதை ரேடாரில் தெரியும் விமானத்தோடு பொருத்துகிறது. பொருந்தாவிட்டால் அது ஆடி மாத ஒலிபெருக்கியாகவோ தண்ணீர் லாரியாகவோ இருக்கலாம் என்று ஒதுக்கிவைக்கும். நேரம் இல்லாத புகாரும் அப்படித்தான் ஒதுக்கப்படும். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமான எண்ணும் வகையும் உயரமும் வருகின்றன. மறுநாள் காலையில் எழுந்து, பின்னோட்டி அந்த நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ராத்திரியில் போனை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், அது இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விமானம் மேலே போகாமலே நீண்ட நேரம் ஒரே சீராக உறுமல் கேட்டால், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். பழுது பார்த்த பிறகு எஞ்சினைத் தரையிலேயே ஓட்டிச் சோதிப்பார்கள். விமானம் பறப்பதை நிறுத்தச் சொல்வது கஷ்டம். சோதனை ஓட்டத்தை நடுராத்திரியில் வைக்காதீர்கள், ஓடுபாதையின் அந்தப் பக்கமாகக் கொண்டுபோங்கள் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. இறங்கிய பிறகு எஞ்சினைப் பின்னோக்கி வீசவிட்டு வேகம் குறைக்கும்போது எழும் இரைச்சலும் அப்படித்தான். பாதுகாப்புக்கு இடைஞ்சல் இல்லாதபோது ராத்திரியில் அதைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பல நிலையங்களில் உண்டு. கிடைக்கக்கூடியவற்றை முதலில் கேளுங்கள்.

நீங்கள் ஒருவரே நூறு புகார் அனுப்ப வேண்டாம். 2015-ல் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்துக்கு வந்த 8,760 புகார்களில் முக்கால் பங்குக்கும் மேல் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. அந்த வீட்டுக்காரரின் வேதனை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணைக் காட்டி, மற்ற எல்லோருடைய புகாரையும் தள்ளிவிட வழி கிடைத்துவிட்டது. நூறு புகார் ஒரு வீட்டிலிருந்து வருவதைவிட, முப்பது வீடுகளிலிருந்து வாரத்துக்கு ஒன்று வருவது கனமானது.

இதன் மறுபக்கத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புகார் வராத தெருவில் சத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. உங்களுக்குக் கான்கிரீட் தளமாவது இருக்கிறது. பம்மலில், அனகாபுத்தூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை. இணையத்தில் படிவம் நிரப்ப அவர்களுக்கு நேரமும் இல்லை, அது அவர்களுக்கான மொழியிலும் இருப்பதில்லை. புகார் எண்ணிக்கையை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் அவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. ஐ.எஸ்.ஓ. 15666 என்ற தரநிலை, இரைச்சல் தொந்தரவைப் பற்றி மக்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. சாரம் இதுதான்: ‘கடந்த 12 மாதங்களில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது விமானச் சத்தம் உங்களை எந்த அளவுக்குத் தொந்தரவு செய்தது? கொஞ்சமும் இல்லை, லேசாக, ஓரளவு, மிகவும், தாங்க முடியாத அளவு.’ உங்கள் நலச்சங்கம் நாலு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் வீடு வீடாக இதைக் கேட்டுவிடலாம். கேட்கும் வீடுகளை நீங்களாகப் பொறுக்காமல், ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசையாகக் கேளுங்கள். ‘ஒன்றும் தொந்தரவில்லை’ என்கிறவரின் பதிலையும் எழுதுங்கள். அப்போதுதான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

அப்புறம் ஆர்.டி.ஐ. சென்னை விமான நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். அது தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கண்காணிப்பு மைக்குகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன, பொழிச்சலூருக்கு மிக அருகில் இருப்பது எது என்று முதலில் கேளுங்கள். ஓடுபாதையின் எதிர்முனையில் இருக்கும் மைக் உங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த சான்றிதழ், இரைச்சல் மண்டல வரைபடம், ஓராண்டில் இரவு நேரத்தில் எந்த ஓடுபாதை முனையை எத்தனை தடவை பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு ஆகியவையும் வேண்டும். இரைச்சல் அளவுகளைச் சராசரியாக மட்டும் கேட்காதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை மணிவாரியாகவும், விமானவாரியாக உச்ச அளவோடும் கேளுங்கள். நகல் ஒன்றைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்பலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தில்லி விமான நிலையத்தைச் சுற்றியிருந்தவர்கள் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனவர்கள்தான். ஆனால் கையில் தரவு இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

இரவில் விமானத்தையே நிறுத்தச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, சங்கத்தில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். உலகத்தில் இல்லாததல்ல. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு, 1995-ல் சட்டமாகவே வந்தது. ஃபிராங்க்ஃபுர்ட்டில் 2011 அக்டோபரில் புதிய ஓடுபாதை திறந்ததும் மக்கள் திங்கள்கிழமைதோறும் முனையக் கட்டடத்துக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரவு 11 முதல் காலை 5 வரையிலான தடையை 2012-ல் உச்ச நிர்வாக நீதிமன்றம் உறுதி செய்தது. லண்டன் சிட்டி விமான நிலையம் சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம்வரை மூடியே இருக்கும். சென்னையில் இப்போதைக்கு முழு இரவுத் தடை கிடைக்கும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தர மாட்டேன். காற்று அனுமதிக்கிற ராத்திரிகளில் இரண்டு பக்கத்துக்கும் சுமையைப் பகிர்ந்து கொடுங்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது ஆலந்தூர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் தலைவலியை அவர்கள் தலையில் கட்டினால் நாளைக்கு அவர்கள் உங்களுக்கு எதிராக மனு போடுவார்கள்.

அதுவரை வீட்டுக்குள் செய்யக்கூடியது உண்டு. படுக்கையறைக்குள் உச்சம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொன்னது. வெளியே 80 என்றால், திறந்த ஜன்னல் 10, 15 டெசிபல்தான் குறைக்கும். உள்ளே 65-க்கு மேல். சாதாரண ஜன்னலை மூடினால் 55 அளவுக்கு வரும். அடுக்குக் கண்ணாடி போட்டு, ரப்பர் விளிம்போடு இறுக்கிச் சாத்தும் கதவுபோன்ற ஜன்னல் வைத்தால் 45-ஐ நெருங்கலாம். நம் ஊரில் எல்லோரும் போடும் தள்ளு ஜன்னலை யு.பி.வி.சி.-யில் போட்டாலும் விளிம்பில் ஒழுகும். ஒழுகல்தான் முக்கியம்: சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தாலே, மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. பழைய வென்டிலேட்டர், ஏ.சி. குழாய் போகும் ஓட்டை, கதவின் அடி இடைவெளி, இவற்றை அடைக்காமல் விலை உயர்ந்த கண்ணாடி வாங்கினால் பணம்தான் வீண். எல்லா அறைக்கும் செய்ய வேண்டாம். விமானப் பாதைக்கு எதிர்ப்புறமாக இருக்கும் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் செய்து மாமியாரை அங்கே படுக்க வையுங்கள். மூடிய அறைக்கு ஏ.சி.-யும், காற்று மாறுவதற்கு ஒரு வழியும் வேண்டும். சென்னை வெயிலில் அது இல்லாமல் முடியாது. ஹீத்ரோ, ஏதென்ஸ், மிலான், ஸ்டாக்ஹோம் நிலையங்களுக்கு அருகில் வசிப்பவர்களைத் தூக்கத்தில் அளந்து பார்த்த ஆய்வில், அவர்கள் விழிக்காதபோதும் விமானச் சத்தத்துக்கு ரத்த அழுத்தம் ஏறுவது தெரிந்தது. மாமியாரின் மருத்துவரிடம் ராத்திரி விழிப்பைப் பற்றியும் சொல்லுங்கள். மாத்திரையை முடிவு செய்ய அவருக்கு அது தேவைப்படும்.

மகளைப் பற்றியும் ஒன்று. 1992-ல் மியூனிக் நகரம் தன் பழைய விமான நிலையத்தை மூடிப் புதிய இடத்துக்கு மாற்றியது. பழைய நிலையத்தருகே இருந்த குழந்தைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மூடிய பிறகு தேறின. புதிய இடத்தருகே இருந்தவர்களுக்கு அவை சரிந்தன. சத்தம் விலகினால் தேறிவிடும் என்பது இதில் ஆறுதலான பாதி. அவள் படிக்கும் மேசையையும் அந்த மூடிய அறைக்கே மாற்றுங்கள். பள்ளியும் பாதைக்குக் கீழே என்றால், வகுப்பறை ஜன்னல்களைச் சங்கத்தின் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. பொழிச்சலூர், அகத்தீசுவரர் கோயிலைச் சுற்றி இருந்த ஊர். விமான நிலையம் வருவதற்கு முன்பே இருந்தது. பிறகு வந்து வாங்கியவர்களிடமும், கட்டட உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று இருக்கிறது என்றுதான் காட்டுகிறார்கள். அந்தச் சான்று விமானத்துக்குக் கட்டடத்தால் ஆபத்தில்லை என்று மட்டுமே சொல்கிறது. வீட்டுக்குள் எவ்வளவு சத்தம் வரும் என்று யாரும் உங்களுக்கு ஒரு தாள் காட்டவில்லை. பரந்தூரில் புதிய நிலையம் கட்டுவதற்கு முன்பாவது இரைச்சல் மண்டலத்தை வரைந்து, சுற்றியுள்ள ஊராட்சிகளின் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும்.

விற்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். ஓர் அறையைச் சரிசெய்துவிட்டு, வடகிழக்குப் பருவம் முடியும்வரை இருந்து பாருங்கள். இறங்கும் விமானங்களோடு உங்கள் ராத்திரி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் மாமியாரின் அழுத்தம் இறங்கவில்லை என்று மருத்துவர் சொன்னால், விற்காமலே வாடகைக்கு விட்டுவிட்டு, பாதையிலிருந்து பக்கவாட்டில் சில கிலோமீட்டர் தள்ளிக் குடிபோகலாம். நேர்கோட்டில் தள்ளிப் போவதைவிடப் பக்கவாட்டில் தள்ளிப் போனால்தான் சத்தம் வேகமாகக் குறையும். ஆர்.டி.ஐ. பதில் வந்ததும் மைக் இருக்கும் இடத்தையும் ஒரு வாரத்து மணிவாரி அளவுகளையும் எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து எழுதுகிறேன்.